மீடியம் ஃபார்மட்டில் எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலையில் கூடும் நம் ஃபிலிம் கேமராக் கூட்டத்தில், புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதல் டீ ஆறுவதற்குள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறீர்கள். "சார், மீடியம் ஃபார்மட் போலாம்னு இருக்கேன். எந்தப் பெட்டி வாங்கறது?" நான் ஒவ்வொரு முறையும் கடலைப் பார்த்து ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இன்று ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன். பதிலுக்குள் நான் செய்த ஒரு கேவலமும் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பதிலை எழுத முடியாது; முயன்று பார்த்துவிட்டேன்.

முதலில் ஒரு சின்ன ஒப்புதல். "என் கையில ஒரு காலத்துல ஸ்வீடன் பெட்டி இருந்துச்சு" என்று நான் முப்பது வருஷமாகச் சொல்லி வந்தது உங்களில் பலருக்குத் தெரியும்; மீடியம் ஃபார்மட்டில் ராஜா அது. அது பொய்யில்லை. இருந்தது. பதினைந்து நிமிஷம் இருந்தது. பிரான்சிலிருந்து ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்க வந்தவர், கழிவறை போகும்போது அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து வாங்கிக்கொண்டார். அந்தப் பதினைந்து நிமிஷத்தைத்தான் நீட்டி நீட்டி முப்பது வருஷமாக்கினேன். மற்றபடி என் ஸ்டூடியோவில் ஓடியதெல்லாம் சாதாரண முப்பத்தைந்து மில்லிமீட்டர் ஃபிலிம், மீடியம் ஃபார்மட்டில் பாதிகூட இல்லாதது; பிறகு டிஜிட்டல்.

இப்படிப்பட்டவனிடம் ஒரு நாள் மிசியே அருளப்பன் வந்து நின்றார். பிரெஞ்சு ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா; அதனால் ஐயாவுக்குப் பதில் பிரெஞ்சில் மிசியே. எண்பத்தொரு வயது. நடையில் இன்னும் அணிவகுப்பு. கையில் சதுரமான ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். கடல் பின்னால் தெரிய இரண்டு இளைஞர்கள். ஒருவர் இவர். மற்றவர் இவர் தம்பி தனிஸ்லாஸ், அதே ராணுவத்தில் இருந்தவர்.

"என் தம்பி பிரான்சுலேர்ந்து, துலூஸ்லேர்ந்து வந்துருக்கான். பதினெட்டு வருஷம் கழிச்சு" என்றார்.

"அவ்ளோ நாள் லீவு கெடைக்கலியா?"

"லீவு கெடச்சுது. பேச்சு வார்த்த இல்ல."

வீட்டைப் பாகம் பிரித்ததில் வந்த சண்டை. யாருக்கு முன்கட்டு, யாருக்குப் பின்கட்டு என்பதில் தொடங்கிக் கடைசியில் யார் சாவுக்கு யார் வருவது என்பது வரை போய்விட்டது. இப்போது தனிஸ்லாஸுக்கு இதயத்தில் ஒரு அறுவை சிகிச்சை ஆனபின் அவரே போன் செய்து வந்திருக்கிறார். மூன்று வாரம் இருப்பார். "இனிமே வருவானான்னு எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அதே எடத்துல, அதே மாதிரி, ஃபிலிம்ல ஒரு படம் வேணும். ஒங்களுக்குத்தான் அந்தப் பெரிய பெட்டியெல்லாம் பழக்கமாமே."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது: "கை வந்த கலை, மிசியே."

நேராக ஷமீமாவிடம் போனேன். ஷமீமாவை உங்களுக்குத் தெரியும். தெரியாத புதியவர்களுக்கு: அவள் அப்பா கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். அவள் அதே மேசையில், அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேமரா ஷட்டர்களைப் பிரித்துப் பூட்டுகிறாள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பெட்டிகள் அவளைத் தேடி கூரியரில் வருகின்றன. அன்று அவளிடம் இரவல் கொடுக்கக்கூடியதாக இரண்டு மீடியம் ஃபார்மட் கேமராக்கள் இருந்தன.

மேசை ஓரத்தில் இருந்தது இரட்டைக் கண் கேமரா. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. சதுரப் படம், சுருளுக்குப் பன்னிரண்டு. டிபன் பாக்ஸ் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் இருந்ததை எருமை என்றுதான் சொல்ல வேண்டும். ஆறுக்கு ஏழு சென்டிமீட்டர் நெகடிவ், சுருளுக்குப் பத்துப் படம், தூக்கினால் தோள் ஒரு பக்கம் இறங்கும். பொத்தானை அழுத்தினால் உள்ளே கண்ணாடி எழும்பி விழும் சத்தம், யாரோ கோபத்தில் கதவைச் சாத்தினதுபோல் இருக்கும். ஒரு முறை அழுத்திப் பார்த்தேன். கீழே தெருவில் ஒரு நாய் குரைத்தது. எனக்குப் பதினெட்டு வயது திரும்பிவிட்டது. இன்னொரு முறை அழுத்தினேன். நாய் மறுபடி குரைத்தது.

"போதும் சார், நாய்க்கு வேற வேல இருக்கு" என்றாள் ஷமீமா. பழைய படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இது சதுரம். ரெட்டக் கண்ணுல எடுத்தது. அத மாதிரின்னு கேட்டா அதுலயே எடுத்துட வேண்டியதுதான?"

"அதவிடப் பெரிசா குடுக்கலாம்னு பாக்கறேன்."

"அவங்க பெரிசா கேக்கல. சூரியன் எங்க இருக்கும்னு யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. நம் ஊரில் கடல் கிழக்கே. காலையில் கடல் பின்னால் தெரிய ஆளை நிறுத்தினால் சூரியன் அவர் முதுகில்தான் இருக்கும், முகம் கறுத்துப் போகும். முகத்துக்கு ஃப்ளாஷ் கொடுத்தே ஆக வேண்டும். இரட்டைக் கண்ணில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. எந்த வேகத்தில் வைத்தாலும் ஃப்ளாஷ் படம் முழுக்க விழும். எருமையின் ஷட்டர் அப்படியில்லை. ஃபிலிமுக்கு முன்னால் ஓடும் இரண்டு துணித் திரைகள் அவை. வேகம் கூடினால் ஜன்னல் முழுசாகத் திறக்காது. ஒரு இடுக்கு மட்டும் குறுக்கே ஓடும். ஃப்ளாஷ் மின்னும்போது அந்த இடுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் வெளிச்சம். நான் கல்லூரியில் பௌதிகம் படித்துத் தேறியவன். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன்.

ஷமீமா ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கேமராவின் மேல் ஒட்டினாள்: "ஃப்ளாஷ் போட்டா 30க்கு மேல போகாதீங்க." 30 என்றால் நொடியில் முப்பதில் ஒரு பங்கு; ஜன்னல் முழுசாகத் திறப்பது அது வரைதான். நான் வாசலைத் தாண்டும்போது, "சார், கண்டிப்பா" என்றாள்.

மறுநாள் காலை கடற்கரைச் சாலை. ஏழரை மணி வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் நடப்பவர்களின் ராஜ்ஜியம். எருமையை முக்காலியில் ஏற்றியதும் நடந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் கேட்டார்கள். நான் சொன்னேன். எத்தனை மெகாபிக்சல் என்று ஒருவர் கேட்டதற்கு, "அதெல்லாம் இதுக்குக் கால் தூசி" என்று சொன்ன ஞாபகம். அப்போதுதான் ஷமீமாவின் சீட்டு கண்ணில் பட்டது. இத்தனை பேர் பார்க்கும்போது, ஆனா ஆவன்னா படிக்கிறவன் சிலேட்டு மாதிரி என் கேமராவில் ஒரு குறிப்பு. பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு, டிஜிட்டலில் கை பழகிப்போன வேகத்தில், நூற்றிருபத்தைந்தில் வைத்தேன். கை தானாகவே போனது. தடுக்க வேண்டிய ஒரே பொருள் பையில் இருந்தது.

பத்துப் படம். பத்துக் கதவு சாத்தும் சத்தம். காக்கைகள் எழுந்து பறந்தன. சகோதரர்கள் இருவரும் கோட்டும் பதக்கமுமாக விறைத்து நின்றார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை.

படம் கழுவுவது எனக்கு உண்மையாகவே தெரிந்த வேலை. வீட்டில் குளியலறையில் கழுவி, ஈரச் சுருளை விளக்குக்கு எதிரே பிடித்தேன். நெகடிவில் கறுப்பும் வெளுப்பும் மாறித் தெரிந்தாலும், பழகின கண்ணுக்குப் பத்துப் படத்திலும் ஒரே காட்சி. ஒரு பக்கமாக, மேலிருந்து கீழாக ஒரு பட்டை வெளிச்சம். அதற்குள் தம்பி தனிஸ்லாஸ், மீசையின் ஒவ்வொரு மயிரும் எண்ணும்படி, தேவதூதன் மாதிரி. பக்கத்தில் அண்ணன் அருளப்பன், முகமே இல்லாத கறுப்பு நிழல். பாகப் பிரிவினையில் சண்டை போட்டவர்களை நான் வெளிச்சத்திலும் பாகம் பிரித்து, முழுவதையும் தம்பிக்கே எழுதிக் கொடுத்திருந்தேன்.

சிரிப்பு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு சட்டைப் பையில் கை வைத்துச் சீட்டைத் தொட்டேன். சிரிப்பு நின்றது.

இந்த இடம்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. தவறு செய்தது தொழிலில் எல்லோருக்கும் நடப்பது. அதற்குப் பிறகு கிடைத்த அரை மணி நேரத்தில் நான் என்ன ஆனேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன். மிசியே அருளப்பன் போன் செய்தார். "படம் எப்டி?" என்றார். என் வாய் சொன்னது: "கேமராவுல ஷட்டர் திரை பாதியில நின்னுடுச்சு மிசியே. ரிப்பேர் சரியில்ல." நம் கூட்டத்தின் வாட்ஸப் குழுவிலும் அதையே எழுதினேன். நாசூக்காக, பெயர் போடாமல், "சமீபத்தில் சர்வீஸ் ஆன பெட்டி" என்று. இந்த ஊரில் சர்வீஸ் செய்வது ஒரே ஒரு ஆள். பெயர் எதற்கு?

ஷமீமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன், பதிலுக்குக் கத்தியிருப்பேன். "கொண்டாங்க சார், தெறந்து பாக்கறேன். நெகடிவ் இருந்தா குடுங்க, எந்தப் பக்கம் நிக்குதுன்னு தெரியும்" என்றாள்.

"தூக்கிப் போட்டுட்டேன்மா."

நெகடிவ் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

ஒன்பதாவது நாள், வேறு ஏதோ சாக்கில் அவள் கடைக்குப் போனேன். எருமை மேசையில் இல்லை. எருமை இருந்த இடத்தில் சோடா மூடிகள் இருந்தன. ஒவ்வொரு மூடியிலும் இரண்டு மூன்று திருகாணிகள், ஒரு சுருள்வில், எண் எழுதிய துணுக்குக் காகிதம். நாற்பது மூடியாவது இருக்கும். துணித் திரைகள் இரண்டும் கறுப்புக் கைக்குட்டைபோல் மடங்கிக் கிடந்தன.

"மூணு தடவ பூட்டிப் பாத்துட்டேன் சார். திர முழுசாத்தான் ஓடுது. என் காதுக்குக் கூட சரியாத்தான் கேக்குது. ஆனா நீங்க சொல்றீங்க. அப்ப நான்தான் எங்கியோ கோட்ட வுட்ருக்கேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மெட்ராஸ்காரங்க ரெண்டு பேர் பெட்டியத் திருப்பி அனுப்பிட்டேன். கை மேல நம்பிக்க இல்லாம அடுத்தவங்க பொருளத் தொடக் கூடாதுல்ல."

எனக்கு எழுபத்திரண்டு வயது. அவளுக்கு முப்பத்தாறு. இந்த ஊரிலேயே மிகச் சுத்தமான கை. அந்தக் கையை அவள் சந்தேகப்படும்படி செய்தது என் பதினைந்து நிமிஷ ஸ்வீடன் பெட்டி.

சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். வீட்டுக்குப் போய் நெகடிவைக் கொண்டுவந்து அதையும் வைத்தேன். அவள் சுருளை ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். ஒரு படத்திலேயே புரிந்துவிட்டது. இருந்தாலும் பத்தையும் பார்த்தாள்.

"இந்தச் சீட்டு எங்க இருந்துச்சு சார்?"

"சட்டப் பையில."

"ஒம்போது நாளா ஒரே சட்டயா?"

"இல்ல. சட்ட மாத்தும்போது சீட்டயும் மாத்தி வச்சேன்."

"தூக்கிப் போடறதுக்குக் கூட ஒங்களுக்குத் தைரியம் இல்ல" என்றாள். பிறகு, "போய் அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேர்கிட்டயும் நீங்களே சொல்லுங்க. குரூப்புலயும் போடுங்க, என் பேர் போட்டு. அதுக்கப்புறம் இங்க வாங்க. அது வரைக்கும் வராதீங்க."

அவளிடம் மன்னிப்புக் கேட்டு, குழுவில் அன்றே அவள் பெயர் போட்டு எழுதினேன். உங்களில் சிலர் அதற்கு ஒரு கைகூப்பும் படம் போட்டீர்கள். ஒருவர் மட்டும் நாயின் படம் போட்டார். அது பொருத்தமாக இருந்தது.

சகோதரர்கள் வீட்டுக்குப் போனபோது இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நெகடிவிலிருந்து ஒரு படம் போட்டு எடுத்துப் போயிருந்தேன். நடந்ததைச் சொல்லி, படத்தைக் கொடுத்தேன். அருளப்பன் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"நான் எங்க?"

"அந்த நெழல்தான் மிசியே."

படத்தைத் தம்பியிடம் கொடுத்தார். "பாத்தியா. இந்தத் தடவையும் முன்கட்டு ஒனக்கு."

தனிஸ்லாஸ் காபியைத் துப்பிவிட்டார். துப்பியது என் வேட்டியில். அதன் பிறகு இருவரும் பேச முடியாமல் சிரித்தார்கள். அறுவை சிகிச்சை ஆன நெஞ்சைத் தனிஸ்லாஸ் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து எனக்குத்தான் பயம். அருளப்பன் மட்டும் சட்டென்று நிறுத்திக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எங்ககிட்ட அப்புறம் கேக்கலாம். அவன் பொறப்படற அன்னிக்குக் காலையில ஒரு மணி நேரம் இருக்கு."

ஷமீமா இரட்டைக் கண்ணை எடுத்துக்கொண்டு தானே வந்தாள். "கேமராவ ஒங்ககூடத் தனியா அனுப்ப மாட்டேன்" என்றாள். ஃபிலிம் கெடாமல் இருக்க அவள் வைக்கும் ஃபிரிட்ஜில் கடைசியாக ஒரே ஒரு சுருள் இருந்தது. புதிதாகச் சொல்லிவிட்டது வந்து சேரவில்லை. பன்னிரண்டு படம். சாலை மூடியிருந்ததால், விமான நிலையத்துக்குப் போகும் வண்டி குறுக்குத் தெருவின் முனையில் பெட்டிகளோடு நின்றது. ஷமீமா கொஞ்சம் தள்ளி நின்று ஃப்ளாஷைப் பிடித்துக்கொண்டாள்.

இரட்டைக் கண்ணில் மேலே குனிந்து பார்க்க வேண்டும். அதில் பிம்பம் இடவலமாக மாறித் தெரியும். "தம்பி, கொஞ்சம் வலது பக்கம்" என்றேன். நான் சொன்ன பக்கம் அவர் சரியாகப் போனார். நான் சொன்னதுதான் தப்பு. "இல்ல, அந்தப் பக்கம்" என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் நகர்ந்து தோளோடு தோள் மோதிக்கொண்டார்கள். "பதினெட்டு வருஷம் கழிச்சு முட்டிக்கறோம்" என்றார் அருளப்பன். நடப்பவர்கள் மறுபடி நின்றார்கள். நான் யாருக்கும் எதுவும் விளக்கவில்லை. ஃப்ளாஷ் ஒவ்வொரு முறையும் இரண்டு முகத்திலும் முழுசாக விழுவதைப் பார்த்தேன். எழும்பும் கண்ணாடி இல்லாத கேமரா. 'டிக்' என்ற சத்தம், பல்லி சொல்வதுபோல். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. கொண்டாட்டமாக இருந்தது. பதினொன்று.

கடைசிப் படத்துக்கு முன், கடல் காற்றில் உப்புப் படிந்திருக்குமே என்று கீழ் லென்ஸைத் துடைக்கத் துணியோடு குனிந்தேன்.

கீழ் லென்ஸில் மூடி இருந்தது.

மேலே பார்க்கிற கண்ணுக்கு மூடியைக் கழற்றியிருந்தேன்; கழற்றாவிட்டால் எதுவும் தெரியாது. எடுக்கிற கண்ணுக்குக் கழற்றவில்லை. பதினொரு படமும் இருட்டு.

தம்பிகளே, தங்கைகளே, அந்தக் கணத்தில் என் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்தது தெரியுமா? துணியோடு சேர்த்து மூடியை உருவிக் கைக்குள் மறைத்துவிடலாம். யாரும் பார்க்கவில்லை. ஒரு படம் மிச்சம் இருக்கிறது. அது நன்றாக வந்தால், "மீதி பதினொண்ணவிட இது நல்லாருந்துச்சு" என்று சொல்லிக்கொள்ளலாம். வராவிட்டால், சுருள் பழசு, அவள் ஃபிரிட்ஜில் கெட்டுப்போனது. இவ்வளவும் ஒரு மூச்சுக்குள். பழகின பாதை என்பதால் மூளைக்கு விளக்கு கூட வேண்டியிருக்கவில்லை.

நிமிர்ந்தேன். மூடியை உருவி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன். "மிசியே, இது இவ்வளவு நேரமும் லென்ஸ் மேல இருந்துச்சு. பதினோரு படமும் போச்சு. ஒண்ணுதான் பாக்கி" என்றேன்.

தெருமுனையில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

அருளப்பன் சொன்னார்: "நான் மொதல்லயே பாத்தேன்."

"பாத்தீங்களா? சொல்லக் கூடாதா மிசியே?"

"பெரிய நிபுணராச்சே. ஏதோ டெக்னிக்குன்னு இருந்தேன்."

முதலில் வெடித்தது ஷமீமா. அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. மூக்கால் ஆரம்பித்து விக்கலாக முடிகிற சிரிப்பு அது. அடுத்து தனிஸ்லாஸ். அவர் குனிந்து அண்ணன் தோளைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் தடுமாறித் தம்பியின் கோட்டைப் பிடித்துக்கொள்ள, பதக்கங்கள் கிலுகிலுவென்று ஆட, நான் அழுத்தினேன்.

டிக்.

அந்தச் சுருளை ஷமீமா கழுவினாள். பதினொரு கட்டம் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. பன்னிரண்டாவதில் இரண்டு கிழவர்கள், ஆளுக்கு இரண்டு பல் குறைவாக, ஒருவரை ஒருவர் விழாமல் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கடல் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. வெளிச்சம் இருவருக்கும் சமம். துலூஸுக்கு ஒரு பிரதி போனது. அருளப்பன் தன்னுடையதைப் பழைய சதுரப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். நான் சம்பளத்துக்குச் செய்த கடைசி வேலை அதுதான்.

சென்னைக்காரர்கள் இருவருக்கும் நானே போன் செய்தேன். ஒருவர் பெட்டியைத் திரும்ப அனுப்பினார். இன்னொருவர் அனுப்பவில்லை, "பாக்கலாம் சார்" என்றார். அந்த ஒரு பெட்டி இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது.

ஆக, எந்தப் பெட்டி வாங்கலாம்? உங்களுக்குக் கடல் பின்னால் தெரிய ஆளை நிறுத்தும் எண்ணம் இருந்தால், லென்ஸுக்குள் ஷட்டர் இருக்கும் பெட்டி. ஃப்ளாஷ் தொடாதவர் என்றால் எருமையே வாங்குங்கள். அந்தச் சத்தத்துக்கு ஈடு கிடையாது, நாய்களைக் கேளுங்கள். படம் கேட்பவர் என்ன வடிவத்தில் கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். வாங்கும் முன் ஷமீமாவின் மேசைக்குப் போய் ஒரு நாள் இரவல் வாங்கிப் பாருங்கள். அங்கே சுவரில் பாதி வெளிச்சமும் பாதி நிழலுமாக ஒரு படம் மாட்டியிருக்கிறாள். யார் எடுத்தது என்று கேட்டால் சொல்லுவாள். சொல்லச் சொல்லி நான்தான் கேட்டுக்கொண்டேன். நீங்கள் கிளம்பும்போது கேமராவில் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டித் தருவாள்.

அதைப் பிய்க்காதீர்கள்.